இருநூறு இலக்க எண்கள் 999999000001-ஆல் வகுபடுமா: வேகமாகவும் பிழையில்லாமலும் சோதிப்பது எப்படி?

#1 சுழியம்_01

ஒரு கோப்பில் 5 லட்சம் வரிகள். வரிக்கு ஓர் எண், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 200 இலக்கம். இவற்றில் எவையெல்லாம் 999999000001-ஆல் மீதியின்றி வகுபடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஈவு எனக்குத் தேவையில்லை, "ஆம் / இல்லை" மட்டும் போதும்.

எக்செலில் ஒட்டிப் பார்த்தேன், எல்லா எண்ணின் வாலும் பூஜ்யமாகிவிட்டது. சி நிரலில் ஓர் இலக்கமாக எடுத்தால் வேலை நடக்கிறது, ஆனால் மந்தம். வேகத்துக்காக ஏழு ஏழு இலக்கமாக எடுத்தேன். சின்ன எண்களுக்கு விடை சரி, பெரிய எண்களுக்குத் தவறு. எங்கே ஓட்டை?

#2 மீதியாளன்

முதலில் எக்செல். அது எண்ணாகப் பார்ப்பது 15 இலக்கம் மட்டும். 123456665543334456789 என்று அடித்தால் உள்ளே போவது 123456665543334000000. அந்தக் கலத்தை எப்படி வடிவமைத்தாலும் போன இலக்கம் திரும்பாது. ஒட்டும் முன்பே கலத்தை "உரை" வகையாக மாற்றிவிட வேண்டும்.

இனி சி. அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பள்ளியில் போட்ட நீள்வகுத்தல், ஈவை மட்டும் எழுதாமல். இடமிருந்து வலமாக,

மீ = 0
ஒவ்வொரு துண்டுக்கும்: மீ = (மீ × 10ᵏ + துண்டு) இன் வ-மீதி
கடைசியில் மீ = 0 என்றால் வகுபடும்.

இங்கே வ என்பது வகுஎண், k என்பது துண்டில் உள்ள இலக்கங்கள். எத்தனை இலக்கம் எடுக்கலாம் என்பதை அடைப்புக்குள் இருக்கும் தொகைதான் தீர்மானிக்கும். மீதி எப்போதும் வ-வை விடச் சிறியது, எனவே அந்தத் தொகை வ × 10ᵏ-ஐ எட்டாது. உங்கள் வ ஏறத்தாழ 10¹². k = 7 என்றால் உச்சம் 9.99999 × 10¹⁸. அன்சைன்ட் (எதிர்மறை எண் கொள்ளாத) 64 பிட் மாறியின் கொள்ளளவு 18446744073709551615, அதாவது 1.8 × 10¹⁹, தாராளமாக அடங்கும். சைன்ட் (எதிர்மறையும் கொள்ளும்) 64 பிட்டில் 9223372036854775807 தான், அடங்காது. நீங்கள் போட்டது சைன்ட் மாறியாகத்தான் இருக்கும்.

சின்ன எண்ணில் ஏன் மாட்டவில்லை? மீதி 922337203685-ஐத் தாண்டினால்தான் வழியும், அதாவது தொகை மாறியின் கொள்ளளவை மீறிக் கெட்டுப்போகும். நூறு மீதியில் எட்டுகூட அந்தப் பகுதியில் விழாது. 21 இலக்க எண்ணில் ஆபத்தான படி ஒன்றே ஒன்று, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும். 200 இலக்கத்தில் 29 துண்டுகள், ஆபத்தான படிகள் 26. வழியாமல் கடைசிவரை போய்ச் சேர்வது பத்தில் ஓர் எண் இருக்கலாம். மாறி வகையை அன்சைன்ட் ஆக்குங்கள், அல்லது k = 6 வையுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் பிழை போகும்.

#3 வெண்பலகை

மீதியாளன் சொன்ன படிகளை எக்செலிலும் செய்யலாம், துண்டு மூன்று இலக்கமாக இருந்தால். மீதி 12 இலக்கம், துண்டு 3 இலக்கம், மொத்தம் 15. எக்செலின் எல்லைக்குள் சரியாக உட்காரும், ஓர் இலக்கம் கூடினாலும் போச்சு. எண்ணை உரையாக வைத்து, மூன்று மூன்றாக வெட்டி, முந்தைய கலத்தின் மீதியை ஆயிரத்தால் பெருக்கிக் கூட்டி மீதி எடுக்க வேண்டும். 200 இலக்கத்துக்கு 67 கலம்.

மேலே உள்ள 21 இலக்க எண்ணையே போட்டுப் பார்ப்போம். முதல் 12 இலக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வ-வை விடச் சிறியதாகத்தான் இருக்கிறது.

123456665543 உடன் 334 → 123456665543334. இதில் 123 தடவை வ போகும். மீதி 456788543211.
அதனுடன் 456 → 456788543211456. 456 தடவை. மீதி 788999211000.
அதனுடன் 789 → 788999211000789. 789 தடவை, மீதி 0.

வகுபடும். ஈவு 123|456|789 என்று அழகாக விழுவதைக் கவனியுங்கள். அது 999999000001 × 123456789 என்று கட்டிய எண்தான்.

#4 பகாப்பித்தன்

எல்லாம் சரி, ஆனால் வகுஎண்ணின் முகத்தை யாருமே பார்க்கவில்லையே! 999999000001 சும்மா ஏதோ ஒரு 12 இலக்க எண் இல்லை. அது 10¹² − 10⁶ + 1. பகா எண் வேறு.

x = 10⁶ என்று வையுங்கள். வ = x² − x + 1. இதை x + 1-ஆல் பெருக்கினால் x³ + 1. அதாவது 10¹⁸ + 1 = 1000001 × 999999000001. ஆகவே வ-வைப் பொறுத்தவரை 10¹⁸ என்பதும் −1 என்பதும் ஒன்றே.

இது நமக்குப் புதிதா? 11-க்கு ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டிக் கழிக்கிறோம், ஏனென்றால் 10-க்கு மீதி −1. 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து மும்மூன்று இலக்கமாகக் கூட்டிக் கழிக்கிறோம், ஏனென்றால் 1001 = 7 × 11 × 13. அதே விளையாட்டுதான் இங்கே 18 இலக்கத் துண்டுகளோடு:

வலப்பக்கத்திலிருந்து 18 இலக்கமாக வெட்டு. முதல் துண்டு கூட்டல், அடுத்தது கழித்தல், அடுத்தது கூட்டல். கிடைக்கும் தொகை வ-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும்.

200 இலக்கத்தில் அதிகபட்சம் 12 துண்டுகள். 6 கூட்டல், 6 கழித்தல். தொகையின் அளவு 6 × 10¹⁸-ஐத் தாண்டாது. சைன்ட் 64 பிட்டிலேயே அடங்கும்! இடையில் எங்குமே மீதி எடுக்க வேண்டாம், கடைசியில் ஒரே ஒரு வகுத்தல். வரிக்கு 29 வகுத்தல் இருந்த இடத்தில் ஒன்று. இதே கணக்கில் 9 கூட்டல் 9 கழித்தல் வரை, அதாவது 324 இலக்கம் வரை, வழியாமல் போகலாம்.

சிறிய உறவுக்கார எண்ணில் கையால் பார்க்க ஆசைப்படுவோருக்கு: 9901 = 10⁴ − 10² + 1. இதுவும் பகா எண். 101 × 9901 = 1000001, எனவே ஆறு ஆறு இலக்கமாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். 122234557878 எடுத்துக்கொள்ளுங்கள். 557878 − 122234 = 435644 = 9901 × 44. வகுபடும்.

#5 மீதியாளன்

அருமை. நிரலில் எழுதும்போது "இது கூட்டல் துண்டா, கழித்தல் துண்டா" என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இடமிருந்து வந்தால் போதும்:

மீ = துண்டு − மீ

10¹⁸-க்குப் பதில் −1 போட்ட அதே பழைய சூத்திரம். ஆனால் முதல் துண்டின் நீளத்தைச் சரியாக எடுங்கள். மொத்த நீளத்தை 18-ஆல் வகுத்த மீதிதான் முதல் துண்டின் நீளம். அது 0 என்றால் 18. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. இடப்பக்கத்திலிருந்தே 18, 18 என்று வெட்டினால் கடைசித் துண்டு குட்டையாகி, எல்லாத் துண்டும் தப்பான இடமதிப்பில் நிற்கும். நீளம் 18-இன் மடங்காக இருக்கும் எண்ணுக்கு மட்டும் விடை சரியாக வரும் என்பதால் பிழை கண்ணில் படவும் படாது.

#6 வெண்பலகை

கையால் போடுவோருக்கு இன்னொரு மடிப்பு. 18 இலக்கத்துக்குச் சுருக்கியபின் அதை ஆறு ஆறாக அ | ஆ | இ என்று பிரியுங்கள். x² = x − 1 என்பதால்

முன்பகுதி = அ + ஆ, பின்பகுதி = இ − அ.

21 இலக்க எண்ணை எடுப்போம்: 123 | 456665543334456789. கழித்தால் 456665543334456666. ஆறாகப் பிரித்தால் 456665 | 543334 | 456666.
முன்பகுதி 456665 + 543334 = 999999.
பின்பகுதி 456666 − 456665 = 1.

999999-உம் 000001-உம். வகுஎண்ணே கண்முன் வந்து நிற்கிறது. வகுத்தலே இல்லாமல் இரண்டு கூட்டல் கழித்தலில் முடிந்துவிட்டது. விதி: முன்பகுதி 999999, பின்பகுதி 1 வந்தால் வகுபடும், மூன்றும் 0 என்றாலும் வகுபடும், இல்லையேல் இல்லை.

#7 பகாப்பித்தன்

கிட்டத்தட்ட. ஓர் ஓட்டை இருக்கிறது. 999999000001000000 எடுங்கள். இது வ × 10⁶, கண்டிப்பாக வகுபடும். அ = 999999, ஆ = 1, இ = 0. முன்பகுதி 1000000, பின்பகுதி −999999. உங்கள் விதிப்படி "இல்லை" என்று வரும்.

முன்பகுதி × 10⁶ + பின்பகுதி என்று ஒன்றாகச் சேர்த்த மதிப்பைப் பார்க்க வேண்டும். இங்கே 1000000000000 − 999999 = 999999000001. சரி. சேர்த்த மதிப்பு எதிர்மறையாகப் போகாது, 1999998000000-ஐத் தாண்டாது; 2வ = 1999998000002 என்பதால் அதையும் தொடாது. ஆகவே சேர்த்த மதிப்பு 0 அல்லது வ, இந்த இரண்டோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். விதி தவறும் 18 இலக்க எண் மேலே சொன்ன அது ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் விதி என்றால் விதி.

#8 வெண்பலகை

ஒப்புக்கொள்கிறேன். 18 இலக்கத்துக்குச் சுருக்கும்போது தொகை எதிர்மறையாக வந்தால் குறியைத் தள்ளிவிட்டு மடிக்கலாம், வகுபடும் தன்மை மாறாது. 19 இலக்கமாக வீங்கினால் தலையில் நிற்கும் ஓர் இலக்கத்தை மறுபடி கழித்துவிட்டு மடிக்க வேண்டும்.

#9 கரும்பலகை_வாத்தியார்

வகுஎண்ணுக்கு இப்படி நல்ல முகம் இல்லாவிட்டால்? 1000000007 போல. போட்டி நிரலாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பகா எண். கையால் சோதிக்கச் சுருக்கு வழி உண்டா?

#10 பகாப்பித்தன்

உண்டு, வலப்பக்கத்திலிருந்து. வகுஎண் 10-உடன் பொதுக்காரணி இல்லாததாக இருந்தால், அதன் ஏதாவது ஒரு மடங்கு 1-இல் முடியும். 1-இல் முடியும் மடங்கின் கடைசி 1-ஐ நீக்கினால் கிடைப்பதுதான் நமக்குப் பெருக்கி.

9901 தானே 1-இல் முடிகிறது. பெருக்கி 990. கடைசி இலக்கத்தை வெட்டி, அதை 990-ஆல் பெருக்கி மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும். 435644: 43564 − 990 × 4 = 39604. மறுபடி: 3960 − 990 × 4 = 0. வகுபடும்.

1000000007 × 3 = 3000000021. பெருக்கி 300000002. வகுஎண்ணையே போட்டுச் சோதித்தால் 100000000 − 7 × 300000002 = −2000000014, அதாவது −2 × 1000000007. சரியாக இருக்கிறது.

7-இல் முடிந்தால் 3-ஆல், 3-இல் முடிந்தால் 7-ஆல், 9-இல் முடிந்தால் 9-ஆல் பெருக்குங்கள். 9-இல் முடிவதற்கு அதைவிடச் சுலபம், கழிப்பதற்குப் பதில் கூட்டுவது: 19-க்குக் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கூட்டுவது போல. பெரிய வகுஎண்களுக்கு இந்தப் பெருக்கியைப் பொதுவாகக் கண்டுபிடிக்கும் வழி, ஆரியபட்டர் 499-இல் எழுதிய குட்டக முறைதான். யூக்ளிடின் மீ.பொ.வ. கணக்கைப் பின்னோக்கி ஓட்டுவது.

எச்சரிக்கை ஒன்று: வலப்பக்க முறை மீதியைக் காப்பாற்றாது. "வகுபடும் / வகுபடாது" என்ற விடை மட்டும்தான் நம்பத்தக்கது. கடைசியில் 5 மிஞ்சியது என்றால் மீதி 5 என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் மீதி வேறாகிக்கொண்டே வருகிறது. மீதி வேண்டுமென்றால் இடப்பக்க முறைக்குத்தான் போக வேண்டும்.

#11 நூல்பிடி

மீதியே முக்கியமாக இருக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். ஐரோப்பிய வங்கிகளின் ஐபான் கணக்கு எண். முதல் நான்கு எழுத்தையும் வாலுக்கு நகர்த்தி, எழுத்துகளை 10 முதல் 35 வரையிலான எண்களாக்கி, கிடைக்கும் நெடிய எண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். பல இடங்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் பிரிட்டிஷ் மாதிரி எண் இப்படி ஆகிறது:

3214282912345698765432161182

32 பிட்டிலேயே செய்யலாம்: முதலில் 9 இலக்கம், பிறகு இரண்டு இலக்க மீதியோடு 7 இலக்கம்.
321428291 → மீதி 70
70 2345698 → மீதி 29
29 7654321 → மீதி 24
24 61182 → மீதி 1

செல்லும். நடுவில் மீதி ஒற்றை இலக்கமாகவோ 0 ஆகவோ வந்தாலும் கவலையில்லை, எண்ணாகப் பெருக்கிக் கூட்டினால். உரையாக ஒட்டிப் பிறகு எண்ணாக மாற்றுகிறவர்கள் துண்டின் முன்னிருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடக் கூடாது. 0045698 என்ற துண்டை 45698 ஆக்கி மீதியோடு ஒட்டினால் இரண்டு இட மதிப்பு காணாமல் போகும். 

#12 தனிக்காரணி

என் வகுஎண் 720720. அதைக் காரணியாகப் பிரித்துச் சோதிப்பதுதானே சுலபம்? 840-ஆலும் 858-ஆலும் வகுபட்டால் போதுமா? 840 × 858 = 720720 தான்.

#13 மீதியாளன்

போதாது. 840-க்கும் 858-க்கும் 6 பொதுக்காரணி. இரண்டாலும் வகுபட்டால் அவற்றின் மீ.பொ.ம. ஆன 120120-ஆல் வகுபடும் என்றுதான் உறுதி. 120120-ஐயே பாருங்கள்: 840 × 143, 858 × 140. இரண்டு சோதனையிலும் தேறும். 720720-ஆல் வகுபடுமா? அதைவிடச் சின்ன எண்!

பொதுக்காரணியே இல்லாத துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். 720720 = 16 × 9 × 5 × 1001.
16-க்குக் கடைசி நான்கு இலக்கம். 5-க்குக் கடைசி இலக்கம். 9-க்கு இலக்கக் கூட்டுத்தொகை. 1001-க்கு மும்மூன்றாகக் கூட்டிக் கழித்தல்.
கடைசி இலக்கச் சோதனையை முதலில் வையுங்கள். 16-ம் 5-ம் சேர்ந்தே 80 எண்ணில் 79-ஐத் தள்ளிவிடும், முழு எண்ணையும் படிக்காமலே.

#14 வெண்பலகை

துணைச் செய்தி: 999999 = 27 × 7 × 11 × 13 × 37. ஆறு ஆறாக வெட்டிச் சும்மா கூட்டினாலே (கழித்தல் வேண்டாம்) இந்த ஐந்துக்கும் சோதனை ஒரே தொகையில் முடிந்துவிடும். 41-க்கும் 271-க்கும் ஐந்து ஐந்தாக, 99999 = 9 × 41 × 271. 73-க்கும் 137-க்கும் நான்கு நான்காகக் கூட்டிக் கழித்தல், 10001 = 73 × 137. 239-க்கும் 4649-க்கும் ஏழு ஏழாகக் கூட்டல்; 1111111 = 239 × 4649.

#15 சுழியம்_01

18 இலக்க முறையைப் போட்டுவிட்டேன். வேகம் அபாரம். ஆனால் இப்போது கோப்பில் ஒன்றுகூட வகுபடவில்லை என்கிறது! வகுபடும் என்று உறுதியாகத் தெரிந்த எண்ணையும் சேர்த்து. அதே எண்ணை நேரடியாக நிரலுக்குள் கொடுத்தால் சரியாக வருகிறது.

#16 நூல்பிடி

கோப்பு விண்டோஸில் உருவானதா? வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து இருக்கும், குறியீடு 13. உங்கள் நிரல் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் 48-ஐக் கழித்து இலக்கமாக்குகிறது. 13 − 48 = −35. ஆகவே எண் 10-ஆல் பெருக்கப்பட்டு 35 குறைகிறது. வகுபடும் எண்ணாக இருந்தாலும் மீதி −35 வந்து நிற்கும். "எல்லாமே இல்லை" என்ற விடைக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான்.

0 முதல் 9 வரை அல்லாத எந்த எழுத்து வந்தாலும் நிரல் நின்று, வரி எண்ணோடு கத்த வேண்டும். அமைதியாக விழுங்கக் கூடாது. 12,34,567 என்று லட்சக் காற்புள்ளி போட்ட எண், கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பைட் வரிசைக் குறி, எண்ணுக்கு முன்னால் இடைவெளி, எல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

நம் ஊர் வேடிக்கை ஒன்று: பைத்தான் ௧௨௩ என்ற தமிழ் இலக்கங்களையும் 123 என்றே படிக்கும், அவை யூனிகோடில் பதின்ம இலக்கங்கள் என்பதால். ௰, ௱, ௲ வந்தால் பிழை என்று நிற்கும், அவை இலக்கங்கள் அல்ல, எண்குறிகள். சி நிரலுக்கோ எல்லாமே குப்பை பைட்டுகள்.

#17 கரும்பலகை_வாத்தியார்

பைத்தானிலேயே நேரடியாக மீதி எடுத்தால் என்ன? எவ்வளவு பெரிய எண்ணையும் அது தாங்குமே.

#18 மீதியாளன்

200 இலக்கத்துக்குத் தாராளமாகச் செய்யலாம், சரிபார்ப்புக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனால் இலக்கம் 4300-ஐத் தாண்டினால் உரையை எண்ணாக்கும் இடத்திலேயே பைத்தான் 3.11 பிழை எறியும். வேண்டுமென்றே வைத்த பூட்டு. பதின்ம உரையை இரும எண்ணாக்கும் வேலை இலக்க எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், யாராவது கோடி இலக்கத்தை அனுப்பிச் சேவையகத்தைத் திணறடிக்கக் கூடாது என்று. வரம்பை நிரலிலேயே உயர்த்தலாம். ஆனால் மீதி மட்டும் வேண்டும் என்றால் முழு எண்ணையும் கட்டவே தேவையில்லையே. துண்டு துண்டாகப் படித்து மீதியைச் சுமந்தால் நேரம் நீளத்துக்கு ஏற்ப மட்டும் கூடும்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 9007199254740991 வரைதான் நம்பகம். 9007199254740993 என்று எழுதினாலே கடைசி 3 இரண்டாகிவிடும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள், ஆனால் உரையை நேரே பிக்இன்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். முதலில் சாதாரண எண்ணாக மாற்றி அதைப் பிக்இன்ட் ஆக்கினால், கெட்டுப்போன எண்ணைத்தான் துல்லியமாக வகுத்துக்கொண்டிருப்பீர்கள்.

#19 தனிக்காரணி

வகுஎண்ணே 100 இலக்கம் என்றால்?

#20 பகாப்பித்தன்

அங்கே கையால் எழுதிய நிரலுக்கு வேலையில்லை. பெரிய எண் கணக்குக்கான ஜிஎம்பி நிரல் நூலகத்தில் வகுபடுமா என்று மட்டும் கேட்க ஒரு தனிச் சார்பு இருக்கிறது. மீதி கேட்கும் சார்பை அழைக்காமல் அதை அழையுங்கள். மீதி தேவையில்லை என்று தெரிந்தால் நூலகம் கீழ்ப்பிட்டுகளின் பக்கமிருந்து வகுத்துக்கொண்டு வரலாம். மேலே சொன்ன வலப்பக்க முறையின் இரும வடிவம்தான் அது.

இதே உத்தி 64 பிட்டுக்குள் அடங்கும் சிறு எண்களுக்கும் உண்டு. எண்கள் கோடிக்கணக்கில், வகுஎண் ஒன்றே, அதுவும் ஒற்றைப்படை என்றால் வகுத்தலே வேண்டாம். 2⁶⁴-ஐப் பொறுத்து வ-வின் பெருக்கல் நேர்மாறைக் (வ-வோடு பெருக்கி 2⁶⁴-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண்) கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அதனால் பெருக்கி, வழிவதை விட்டுவிட்டு, வரும் தொகை (2⁶⁴ − 1) ÷ வ-வின் முழுப்பகுதியைத் தாண்டவில்லை என்றால் வகுபடும். 999999000001-க்கு அந்த எல்லை 18446762. நேர்மாறுக்கு: ந = வ என்று தொடங்கி, ந = ந × (2 − வ × ந) என்பதை ஐந்து தடவை. தொடக்கத்தில் 3 பிட் சரி, பிறகு 6, 12, 24, 48, 96. இரட்டைப்படை வகுஎண்ணுக்கு முதலில் கடைப்பிட்டுகளில் தேவையான பூஜ்யங்கள் உண்டா என்று பார்த்துவிட்டு, ஒற்றைப் பகுதிக்கு இதைச் செய்ய வேண்டும்.

கம்பைலரிடம் வகுஎண்ணை மாறிலியாகக் கொடுத்தால் அதுவே வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிவிடும். வகுஎண்ணை உள்ளீடாகப் படிக்கும் நிரல்களுக்குத்தான் இந்தக் கைவேலை.

#21 நூல்பிடி

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: எண் ஒன்று, வகுஎண்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் நெடிய எண்ணை முதலிலிருந்து ஓட்டாதீர்கள். சிறு வகுஎண்களைச் சில சில சேர்த்துப் பெருக்குங்கள், பெருக்கல் 1.8 × 10¹⁸-க்குள் இருக்கும்வரை. அந்தப் பெருக்கலால் நெடிய எண்ணின் மீதியை ஒரே தடவை எடுங்கள் (அன்சைன்டில் ஓர் இலக்கமாகப் போனால் அந்த அளவு தாங்கும்). பிறகு அந்த மீதியை ஒவ்வொரு வகுஎண்ணாலும் சோதியுங்கள். இதையே மரமாக வளர்த்தால் லட்சக்கணக்கான வகுஎண்களுக்கும் போகும். 2012-இல் இணையத்தில் கிடைத்த ஆர்எஸ்ஏ மறையாக்கப் பொதுத் திறவிகளில் (இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைக் கொண்டவை) பகா காரணியைப் பகிர்ந்துகொண்டவற்றைக் கண்டுபிடித்தது இத்தகைய மர முறையில்தான்.

#22 சுழியம்_01

கேரேஜ் ரிட்டர்ன்தான். நீக்கியதும் ஓடுகிறது. சோதனைக்கு 5 லட்சம் தற்செயல் எண்கள் உருவாக்கிப் பைத்தான் விடையோடு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்துகிறது.

#23 பகாப்பித்தன்

அந்தச் சோதனை எதையும் நிறுவவில்லை. தற்செயல் எண் ஒன்று வ-ஆல் வகுபட ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. 5 லட்சத்தில் ஒன்றுகூட வந்திருக்காது. எப்போதும் "இல்லை" என்று மட்டும் அச்சடிக்கும் நிரலும் இதில் தேறிவிடும். கேரேஜ் ரிட்டர்ன் பிழையோடு ஓடிய உங்கள் பழைய நிரலும் தேறியிருக்கும்!

வகுபடும் எண்களைக் கட்டித் தாருங்கள். சுலப வழி: ஏதாவது 18 இலக்கத்தை எழுதி அதையே மறுபடி ஒட்டுங்கள். 36 இலக்க எண் 10¹⁸ + 1-இன் மடங்கு, எனவே கட்டாயம் வகுபடும். இன்னும்: 999999000001, 1000000000000000001, 999999000001000000, 123456665543334456789, முப்பத்தாறு ஒன்பதுகள். ஒவ்வொன்றோடும் 1 கூட்டியும் கழித்தும் சோதியுங்கள், அப்போது "இல்லை" வர வேண்டும். பதினெட்டு ஒன்பதுகள் வகுபடாது, மீதி 999998999999. நீளம் 17, 18, 19, 35, 36, 37 என்று துண்டு எல்லையின் இரு கரையிலும் மடங்குகள் இருக்கட்டும். வெற்று வரிக்கு என்ன விடை என்பதையும் முடிவு செய்யுங்கள்; மீ = 0 என்று தொடங்குவதால் நிரல் அதை "வகுபடும்" என்றே சொல்லும்.

#24 சுழியம்_01

மடங்குகள் எல்லாம் தேறின. வெற்று வரி மூன்று இருந்தது, மூன்றும் "ஆம்" பட்டியலில் உட்கார்ந்திருந்தன, நீக்கிவிட்டேன். இன்னொன்று: "இல்லை" வரிகளுக்கு மீதியையும் அச்சடித்தேன். சில வரிகளுக்கு மீதி எதிர்மறையாக வருகிறதே?

#25 மீதியாளன்

துண்டு − மீ என்று போகும்போது தொகை எதிர்மறையாகலாம். சி-யில் எதிர்மறை எண்ணின் மீதியும் எதிர்மறையாகவே வரும்: −5-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி −2. பைத்தான் 1 என்று தரும். 0-உடன் ஒப்பிடுகிறவரை வேறுபாடு இல்லை. மீதியை அச்சடிப்பதென்றால், எதிர்மறையாக வரும்போது ஒருமுறை வ-வைக் கூட்டிவிடுங்கள். ஐபான் போல "மீதி 1 ஆக வேண்டும்" என்ற சோதனையை இந்தக் கழித்தல் பாணியில் எழுதுகிறவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இல்லையென்றால் சரியான கணக்கு எண்ணுக்கு −96 வரும், செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.